எழுத்தையும் சொல்லையும் சிலர் இடம் வலமாகத் திருப்பி எழுதுவது ஏன்?

கேள்வி கேட்டவர்: தேன்சிட்டு

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஐந்தரை வயது. தமிழ் எழுத்து, ஆங்கில எழுத்து, எண்கள் மூன்றையும் ஒரே சமயத்தில் கற்று வருகிறான். எண் 3-ஐ அவன் எழுதினால் பெரும்பாலும் அதன் வாய் வலப்பக்கம் திறந்திருக்கிறது. ஆங்கில ‘ஜே’ எழுத்தின் கொக்கியும் வலப்பக்கமே வளைகிறது. எப்போதாவது தமிழ் ‘ட’வின் நிமிர்ந்த கோடுகூட வலப்பக்கம் போய்விடுகிறது. சில நாள்களில் தன் பெயர் முழுவதையும் தாளின் வலது ஓரத்தில் தொடங்கி இடப்பக்கமாக நகர்ந்து எழுதிவிடுகிறான். அந்தத் தாளைக் கண்ணாடி முன் பிடித்தால் ஒரு பிழையும் இல்லாமல் படிக்க முடிகிறது.

எனக்கு வியப்பாக இருப்பது, தான் திருப்பி எழுதியிருப்பதை அவன் உணரவே இல்லை என்பதுதான். சரியாக எழுதியதையும் திருப்பி எழுதியதையும் அருகருகே வைத்துக் காட்டினால், இரண்டும் ஒன்றுதானே என்கிறான். இது போதாதென்று ‘கப்பல்’ என்பதை ‘கல்பப்’ என்று எழுதுகிறான். ‘தேர்’ எழுதும்போது முதலில் ‘த’ போட்டுவிட்டு, இரட்டைக்கொம்பை அதற்குப் பின்னால் வைக்கிறான்.

உறவினர்களில் ஒருவர் கண்ணில் கோளாறு என்கிறார். இன்னொருவர் டிஸ்லெக்சியாவாக (எழுதப் படிக்கக் கற்பதில் ஏற்படும் குறைபாடாக) இருக்கும் என்று பயமுறுத்துகிறார். மற்றொருவர், லியனார்டோ டா வின்சியும் இப்படித்தான் எழுதினார், எனவே இவன் மேதை ஆவான் என்கிறார். இடக்கைக்காரர்கள்தான் இப்படி எழுதுவார்கள் என்றும் கேள்விப்பட்டேன். ஆனால் இவனோ வலக்கையால்தான் எழுதுகிறான். பெரியவர்களிலும் சிலர் இப்படி எழுதுவதாகச் சொல்கிறார்கள். ‘வயதானால் சரியாகிவிடும்’ என்ற ஆறுதலை ஏற்கெனவே பலர் சொல்லிவிட்டார்கள். இது ஏன் நடக்கிறது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: வெண்பலகை

வணக்கம் அம்மா. தொடக்கநிலைக் குழந்தைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தரும் சிறப்பாசிரியராகப் பணிபுரிகிறேன். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் காரணம் விளங்கும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில், 3-ஐயும் பெயரையும் கண்ணாடிப் பிம்பமாக எழுதுவதைப் பார்ப்போம். உங்கள் மகன் ‘இரண்டும் ஒன்றுதானே’ என்று கேட்டதில்தான் இதற்கான விடையே இருக்கிறது. ஒரு கோப்பையின் கைப்பிடி இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும் அது அதே கோப்பைதான். ஒரு விலங்கு எந்தப் பக்கம் முகம் திருப்பி நின்றாலும் அது அதே விலங்குதான். பொருள்களை அடையாளம் காணும்போது இடம் வலம் என்ற வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் விடுவது மூளைக்கு இயல்பான, மிகவும் பயனுள்ள திறன். இது மனிதருக்கு மட்டும் உரியதும் அன்று. 2000-ஆம் ஆண்டில் ரோலன்ஹாகன், ஓல்சன் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், குரங்கின் மூளையில் உருவங்களை இனங்காணும் பகுதியில் உள்ள நரம்பணுக்கள், ஓர் உருவத்துக்கும் அதை இடம் வலமாகத் திருப்பிய பிம்பத்துக்கும் பெரும்பாலும் ஒத்த விதமாகவே வினையாற்றின என்பதும், தலைகீழாகத் திருப்பிய பிம்பத்துக்கு அந்த அளவு ஒத்த வினை காட்டவில்லை என்பதும் தெரியவந்தன.

எழுத்து மனித வரலாற்றில் மிகப் பிந்தி வந்தது. அதற்கென்று தனியாக ஒரு பகுதி மூளையில் பிறவியிலேயே அமைந்திருக்க வழியில்லை. ஆகவே முகங்களையும் பொருள்களையும் அறிவதற்கென ஏற்கெனவே இருந்த பகுதியில் ஒரு பங்கை, இடப்பாதி மூளையின் பின்புற அடிப்பகுதியில், வாசிப்பு தன் வசமாக்கிக்கொள்கிறது என்கிறார் பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ஸ்டானிஸ்லாஸ் டஹேன். அந்தப் பகுதி எழுத்தை ஏற்கும்போது, இடமும் வலமும் ஒன்று என்ற தன் பழைய வழக்கத்தோடுதான் ஏற்கிறது. எனவே குழந்தை எழுதக் கற்கும்போது புதிதாக ஒன்றைக் கற்பது மட்டும் போதாது. பழைய வழக்கம் ஒன்றை எழுத்துக்கு மட்டும் கைவிடவும் வேண்டியிருக்கிறது. ஏறத்தாழ மூன்று வயதிலிருந்து ஏழு வயதுவரை, வலக்கை இடக்கை என்ற வேறுபாடு பெரிதாக இல்லாமல், குழந்தைகள் பலரிடமும் கண்ணாடி எழுத்து தோன்றுவது இதனால்தான்.

எழுத்தறிவே இந்த வழக்கத்தை மாற்றுகிறது என்பதற்குத் தமிழிலேயே ஒரு சான்று உண்டு. எரிக் பெடர்சன் என்ற மொழியியல் அறிஞர், எழுத்தறியாதவர், தமிழ் மட்டும் எழுதப் படிக்கத் தெரிந்தவர், தமிழோடு ரோமன் எழுத்தும் (ஆங்கிலம் எழுதப் பயன்படும் எழுத்து) அறிந்தவர் என மூன்று வகைத் தமிழரை ஒப்பிட்டு, 2003-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஒரு வடிவத்தையும் அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் வெவ்வேறாகக் கொள்வதில், தமிழ் மட்டும் படித்தவர்கள் எழுத்தறியாதவர்களை ஒட்டியே இருந்தார்கள். இரண்டு எழுத்துமுறைகளும் அறிந்தவர்கள் தனித்து நின்றார்கள். ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் ‘பி’யைத் திருப்பினால் ‘டி’ ஆகிவிடுகிறது. தமிழிலோ ‘ட’வைத் திருப்பினால் வேறொரு தமிழ் எழுத்து கிடைப்பதில்லை; ‘ப’வைத் திருப்பினாலும் ஏறக்குறைய அதே ‘ப’தான். இடம் வலத்தைக் கறாராகப் பார்த்தே தீர வேண்டிய நெருக்கடியைத் தமிழ் எழுத்து நமக்குத் தருவதில்லை. மூன்றையும் ஒரே சமயத்தில் கற்கும் குழந்தை, ஒன்றில் தேவைப்படாத கவனத்தை இன்னொன்றில் செலுத்த வேண்டியிருக்கிறது என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

3-உம் ‘ஜே’யும் அடிக்கடி புரள்வதும், ‘ட’ எப்போதாவது மட்டுமே புரள்வதும் தற்செயல் அன்று என்றே நான் கருதுகிறேன். ழான் போல் ஃபிஷர் என்ற பிரெஞ்சு உளவியலாளர், இடப்பக்கம் நோக்கும் ‘ஜே’, ‘இசட்’, 1, 2, 3, 7, 9 ஆகியவற்றைத்தான் குழந்தைகள் மிக அதிகமாகத் திருப்புகிறார்கள் என்று காட்டினார். ரோமன் எழுத்துகளில் பெரும்பான்மை வலப்பக்கம் நோக்குபவை. குழந்தை ஒவ்வோர் எழுத்தின் வடிவத்தையும் நினைவில் வைத்திருக்கிறது. அது எந்தப் பக்கம் நோக்கும் என்பது மட்டும் நினைவுக்கு வராதபோது, பெரும்பான்மை எப்படியோ அப்படியே இதுவும் இருக்கும் என்று ஊகித்து எழுதிவிடுகிறது. யாரும் சொல்லித்தராமல் குழந்தை தானாகவே கண்டெடுத்த விதி அது. இதைக் கோளாறு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

பெயர் முழுவதும் புரளும் நாள்களில் அவன் எங்கே தொடங்குகிறான் என்று கவனியுங்கள். வலது ஓரத்தில் தொடங்கினால் கை நகர்வதற்கு இடப்பக்கம் மட்டுமே இடம் இருக்கிறது. திசை மாறியதும் எழுத்துகளும் அதற்கேற்பப் புரண்டுவிடுகின்றன.

‘கல்பப்’ வேறு வகை. அங்கே எந்த எழுத்தும் புரளவில்லை. ஒலிகளின் வரிசைதான் குலைந்திருக்கிறது. சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்து, அந்த வரிசையை எழுதி முடிக்கும்வரை நினைவில் நிறுத்துவது இந்த வயதில் கடினம். கொம்பைப் பின்னால் வைப்பது இவ்விரண்டும் அல்லாத மூன்றாம் வகை. ‘தே’ என்று உச்சரிக்கும்போது முதலில் வருவது ‘த்’, அடுத்து வருவது ‘ஏ’. காதில் விழும் வரிசைப்படி எழுதினால் கொம்பு பின்னால்தான் வர வேண்டும். துணைக்கால் பின்னால் வருகிறது, கொம்பு முன்னால் வருகிறது என்பது நம் எழுத்தின் மரபு. குழந்தையோ ஒலியைப் பின்பற்றி எழுதியிருக்கிறான். ஒலியையும் எழுத்தையும் அவன் இணைத்துப் பார்க்கிறான் என்பதற்கு இது நல்ல அடையாளம்.

பதில்: பீச்சாங்கை

நான் பிறவி இடக்கைக்காரன். நடுத்தர வயதைக் கடந்தவன். இன்றும் இடக்கையால் கண்ணாடி எழுத்தைத் தடையின்றி எழுதுவேன். மேலே ஆசிரியர் பார்வையின் பக்கத்திலிருந்து விளக்கியிருக்கிறார். கையின் பக்கத்திலிருந்து சில செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் பெரியவர்கள் திருப்பி எழுதுவதற்குக் கண்ணைவிடக் கைக்கே பங்கு அதிகம் என்பது என் எண்ணம்.

இரு கைகளிலும் பேனாவைப் பிடித்துக்கொண்டு, ஒரு பெரிய தாளின் நடுவில் இரண்டையும் வைத்து, ஒரே சமயத்தில் இரு கைகளையும் வெளிப்பக்கமாக நகர்த்தி உங்கள் பெயரை எழுதிப் பாருங்கள். வலக்கையை மட்டும் கவனித்தால் போதும். இடக்கை தானாகவே கண்ணாடி எழுத்தை எழுதிக்கொண்டு போகும். நம் உடல் நடுக்கோட்டின் இருபுறமும் ஒத்த அமைப்புடையது. வலக்கைக்கு உடலிலிருந்து விலகிச் செல்லும் இயல்பான வீச்சு இடமிருந்து வலம். இடக்கைக்கு அதே வீச்சு வலமிருந்து இடம். வலக்கை கற்ற அசைவை இடக்கை அப்படியே செய்தால் கண்ணாடி எழுத்துதான் வரும். எனவே இடக்கைக்காரருக்கு அது எளிதாக இருப்பதில் மர்மம் ஏதும் இல்லை.

இன்னொன்றும் செய்து பார்க்கலாம். மேசையின் அடிப்பக்கத்தில் ஒரு தாளை ஒட்டிவைத்து, கையை உள்ளே விட்டு, பார்க்காமல் வழக்கம்போல் எழுதிவிட்டுத் தாளை வெளியே எடுங்கள். எழுத்து புரண்டிருக்கும். கை சரியாகத்தான் எழுதியது; பரப்பு எந்தப் பக்கம் நோக்கியது என்பதுதான் மாறியது.

லியனார்டோவைப் பற்றி. ரகசியம் காக்கத்தான் அவர் அப்படி எழுதினார் என்று பலரும் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஒரு கண்ணாடி இருந்தால் எவரும் படித்துவிடக்கூடிய எழுத்தால் எதை மறைக்க முடியும்? அவர் இடக்கைக்காரர். மையும் இறகுப் பேனாவும் இருந்த காலத்தில், இடமிருந்து வலமாக எழுதும் இடக்கைக்காரரின் கை ஈரமான மையின் மேலேயே நகரும். வலமிருந்து இடமாக எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. பிறர் படிக்க வேண்டியவற்றை அவர் வழக்கமான திசையிலும் எழுதியிருக்கிறார். புளோரன்ஸ் நகரின் உஃபிசி அருங்காட்சியகத்தில் அவர் வரைந்த நிலக்காட்சி ஒன்று இருக்கிறது. அதன் முன்பக்கத்தில் 1473 ஆகஸ்ட் 5 என்ற தேதி கண்ணாடி எழுத்தில் உள்ளது. பின்பக்கத்தில் வழக்கமான திசையில் எழுதிய வரிகள் உள்ளன. 2019-இல் அந்த ஓவியத்தை ஆராய்ந்த வல்லுநர்கள், முன்பக்க எழுத்து இடக்கையாலும் பின்பக்க எழுத்து வலக்கையாலும் எழுதப்பட்டவை என்ற முடிவுக்கு வந்தனர். கண்ணாடி எழுத்துக்கும் மேதைமைக்கும் தொடர்பு தேடுவதைவிட, கைக்கும் மைக்கும் உள்ள தொடர்பைப் பார்ப்பதே பொருத்தம்.

சகோதரிக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகன் எப்போதாவது இடக்கையால் பென்சிலை எடுத்தால் அதைத் தடுக்காதீர்கள். கையைக் கட்டாயமாக மாற்ற வைப்பதால் இந்தப் பழக்கம் மறைவதில்லை. எழுதுவதன் மீது வெறுப்புதான் மிஞ்சும்.

பதில்: நீரோடை

குழந்தைகளைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. பெரியவர்களைப் பற்றிக் கேட்டிருந்ததால் எழுதுகிறேன். என் தந்தைக்குப் பக்கவாதம் வந்து வலக்கை செயலிழந்தது. மருத்துவமனையில் இடக்கையால் எழுதப் பழகச் சொன்னபோது, அவர் எழுதிய முதல் சொற்கள் அனைத்தும் கண்ணாடி எழுத்தாகவே இருந்தன. அவர் வாழ்நாள் முழுவதும் வலக்கையால் மிக அழகாக எழுதியவர். எழுதியதைத் திருத்தமாகப் பார்த்தும், அதில் தவறு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. நாங்கள் மிகவும் கலங்கிப்போனோம்.

அங்கிருந்த சிகிச்சையாளர் பொறுமையாக விளக்கினார். உடலின் வலப்பக்கத்தை இயக்குவது மூளையின் இடப்பாதி. அங்கே பாதிப்பு ஏற்பட்டு, இதுவரை எழுதிப் பழகாத இடக்கைக்கு எழுதும் வேலை வந்து சேரும்போது, வலக்கைக்காகப் பதிந்திருந்த அசைவுகள் புரண்ட வடிவில் வெளிப்படுவது உண்டு. பாதிப்பு இல்லாதவர்கள் இடக்கையால் எழுதும்போது அந்த இழுப்பை அடக்கித் திருத்திக்கொள்கிறார்கள். மூளை பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு தற்காலிகமாகத் தளர்ந்துவிடுகிறது. மக்டொனால்ட் கிரிட்ச்லி என்ற ஆங்கிலேய நரம்பியல் மருத்துவர் கண்ணாடி எழுத்தைப் பற்றி 1928-லேயே ஒரு தனி நூல் எழுதியிருக்கிறார் என்பதைப் பின்னர் அறிந்தேன். அந்த அளவுக்கு மருத்துவர்களுக்கு அறிமுகமான நிலை இது.

மாதிரி வரியைக் கண்ணெதிரே வைத்துப் பார்த்து எழுதச் சொன்னதும், தாளின் இடது ஓரத்தில் ஒரு தடித்த கோடு போட்டு அங்கிருந்து தொடங்கச் சொன்னதும் என் தந்தைக்கு உதவின. நாளடைவில் எழுத்து நேரானது. பெரும்பாலானோருக்கு இது மறைந்துவிடும் என்றே எங்களிடம் சொன்னார்கள். ஆனால் நலமாக இருந்த ஒரு பெரியவர் திடீரென்று திருப்பி எழுதத் தொடங்கினால், அதைப் பழக்கம் என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

பதில்: ஈய எழுத்து

அச்சகத்தில் நீண்ட காலம் அச்சுக் கோக்கும் வேலை செய்தவன் என்ற முறையில் ஒரு செய்தி. ஈய எழுத்துகள் ஒவ்வொன்றும் புரண்ட வடிவில்தான் வார்க்கப்பட்டிருக்கும். தாளில் பதியும்போதுதான் நேராகும். ஸ்டிக் எனப்படும் கையடக்கச் சட்டத்தில் எழுத்துகளைத் தலைகீழாக வைத்து இடமிருந்து வலமாகக் கோத்துக்கொண்டு போவோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வரியைப் படிப்பதற்குள் தலை சுற்றும். பழகிய பிறகு, புரூஃப் (பிழை பார்க்க அச்சிடும் மாதிரித் தாள்) எடுப்பதற்கு முன்பே ஈயத்தைப் பார்த்துப் பிழை பிடித்துவிடுவோம். அதனால் வீட்டில் நாளிதழ் படிப்பதில் எங்களுக்கு எந்தக் குழப்பமும் நேர்ந்ததில்லை. வெண்பலகை அவர்கள் சொன்ன பழைய வழக்கம் மூளையை விட்டு முற்றிலும் போய்விடுவதில்லை, பயிற்சி கொடுத்தால் திரும்ப வந்து உதவுகிறது என்றே இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

ஒரே திசையில்தான் எழுத வேண்டும் என்பதும் எல்லாக் காலத்திலும் இருந்த கட்டாயம் அன்று. கிரீட் தீவின் கோர்டின் நகரில் கி.மு. 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சட்டக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அதில் ஒரு வரி ஒரு திசையிலும் அடுத்த வரி எதிர்த்திசையிலும் செல்கிறது. திசை மாறும்போது எழுத்துகளும் கண்ணாடிப் பிம்பமாகப் புரள்கின்றன. அந்தச் சட்டத்தைப் படித்தவர்கள் எல்லாரும் உங்கள் மகனைப்போல் இரு வடிவங்களையும் ஒன்றாகவே கொண்டிருக்க வேண்டும்.

மறுகேள்வி: தேன்சிட்டு

அனைவருக்கும் உளமார்ந்த நன்றி. நீரோடை, உங்கள் தந்தை நலமுடன் இருக்க வேண்டுகிறேன். வெண்பலகை அவர்களிடம் இன்னும் இரண்டு கேள்விகள். டிஸ்லெக்சியாவுக்கும் இதற்கும் உண்மையிலேயே தொடர்பு இல்லையா? தொடர்பு இல்லையென்றால் அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? வீட்டில் நான் இப்போது என்ன செய்ய வேண்டும், எவ்வளவு காலம் காத்திருக்கலாம்?

பதில்: வெண்பலகை

அந்த எண்ணம் வந்த வழி தெளிவாகவே தெரிகிறது. 1925-இல் சாமுவேல் ஆர்ட்டன் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர், படிக்கச் சிரமப்படும் குழந்தைகள் எழுத்துகளைத் திருப்புவதைக் கவனித்து, ஒரு கருத்தை முன்வைத்தார். மூளையின் இரு பாதிகளிலும் எழுத்தின் பதிவுகள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்கின்றன, ஒரு பாதி மேலோங்காதபோது இரண்டும் குழம்புகின்றன என்பது அவர் கருத்து. குழந்தைகளை மடையர் என்று ஒதுக்கிய காலத்தில், அவர்களின் அறிவுக்குக் குறைவில்லை என்று அக்கறையோடு எடுத்துக் கூறியவர் என்பதால் அவர்மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அவர் சொன்ன காரணம் பின்னர் நிலைக்கவில்லை. 1970-களில் ஃபிராங்க் வெல்லுட்டினோ என்பவர், படிக்கத் திணறும் குழந்தைகளுக்கும் நன்றாகப் படிக்கும் குழந்தைகளுக்கும், இரு சாராருக்கும் அறிமுகமில்லாத எபிரேய எழுத்துகளைக் காட்டி, நினைவிலிருந்து எழுதச் சொன்னார். இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் எழுதினார்கள். கண் திருப்பிப் பார்ப்பதுதான் குறை என்றால் திணறும் குழந்தைகள் அங்கேயும் பின்தங்கியிருக்க வேண்டும் அல்லவா? டிஸ்லெக்சியா உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு, சொல்லின் ஒலிகளைப் பிரித்தறிந்து எழுத்தோடு இணைப்பதில்தான் சிக்கல். அவர்களும் எழுத்தைத் திருப்புவார்கள். திருப்புவது மட்டும் டிஸ்லெக்சியா ஆகிவிடாது.

ஆகவே 3 எந்தப் பக்கம் நோக்குகிறது என்பதைவிட, வேறு சிலவற்றைக் கவனியுங்கள். ‘மரம்’, ‘மணி’ இரண்டும் ஒரே ஒலியில் தொடங்குகின்றன என்று அவனால் சொல்ல முடிகிறதா? ‘படம்’ என்பதில் ‘ப’வை நீக்கினால் ‘டம்’ என்கிறானா? நேற்றுக் கற்ற எழுத்தை இன்று அடையாளம் காண்கிறானா? பேசத் தொடங்கியது மிகத் தாமதமா, குடும்பத்தில் படிப்பதில் சிரமப்பட்டவர்கள் உண்டா? இவை சீராக இருந்தால் ஏழு வயதுவரை நிம்மதியாக இருக்கலாம். இவற்றில் தடுமாற்றம் இருந்தால் ஏழு வயதுவரை காத்திருக்க வேண்டாம். எழுத்து நேராக இருந்தாலும்கூட ஒரு சிறப்பாசிரியரிடம் காட்டுங்கள். கண் பரிசோதனை எந்தக் குழந்தைக்கும் நல்லதுதான், ஆனால் புரண்ட எழுத்துக்கு விடை அங்கே கிடைக்காது.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. எழுதும் முன் தாளின் இடது ஓரத்தில் ஒரு நட்சத்திரம் வரைந்து, அங்கிருந்து தொடங்கட்டும். எழுத்தைக் கண்ணால் பார்க்க வைப்பதைவிடக் கையால் செய்ய வைப்பதே நிற்கும்: மணலிலோ கரும்பலகையிலோ முழங்கை அசையும்படி பெரிதாக எழுதட்டும், எழுதும்போதே ‘மேலிருந்து கீழே, பிறகு வலப்பக்கம்’ என்று வாய்விட்டுச் சொல்லட்டும். புரளும் எழுத்துகளை ஒரே நாளில் பல என்று எடுக்காமல், ஒன்று உறுதியான பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள். தமிழ் எழுத்தும் ஆங்கில எழுத்தும் ஒரே அமர்வில் வேண்டாம். கொம்புக்கு மட்டும், ‘தே’ என்பதை ஒரே வடிவமாக அட்டையில் எழுதி, கொம்பில் தொடங்கி முழுவதையும் விரலால் தடவச் சொல்லுங்கள். எழுதியதைச் சிவப்பு மையால் அடிக்க வேண்டாம். அருகில் சரியான வடிவத்தை எழுதி, எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள்.

அவன் எழுதும் தாள்களில் தேதி குறித்து எடுத்து வையுங்கள். பின்னர் யாரையேனும் கலந்தாலோசிக்க நேர்ந்தால், புரள்வது குறைந்து வருகிறதா, எந்த எழுத்துகளில் நிற்கிறது என்பதை அவர்கள் அந்தத் தாள்களைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.